நாற்பதாவது ஆள்

(மயிலிட்டியில் இளையோர் ஒன்றுகூடலில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நேரே விசயத்துக்கு வருகிறேன். 2004 நவம்பர் 23ஆம் திகதி பிளிசார்ட் நிறுவனத்தின் 'வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்' என்ற ஒன்லைன் விளையாட்டு வெளிவந்தது. அதில் 'மோல்ட்டன் கோர்' என்று ஒரு நெருப்புக் குகை. குகையின் அடியில் ரக்னரோஸ் என்ற தீயின் அரசன். நாற்பது பேர் வரை கூட்டிக்கொண்டு போய் அவனோடு மோதலாம். இதற்குப் பேர் ரெயிட். உலகத்தில் முதன்முதலாக ஒரு கூட்டம் அவனை வீழ்த்தியது 2005 ஏப்ரல் 25ஆம் திகதி. விளையாட்டு வெளிவந்து ஐந்து மாதம் போய்விட்டது. பிறகு 2019 ஓகஸ்ட் கடைசியில் அதே நிறுவனம் அதே பழைய விளையாட்டைக் 'கிளாசிக்' என்ற பெயரில் திரும்ப வெளியிட்டது. இந்த முறை ரக்னரோஸ் விழ ஒரு கிழமைகூடச் செல்லவில்லை. போனவர்களில் சிலர் உச்சப் படியான 60ஐயே இன்னும் எட்டவில்லை.

திரும்பத் தந்தது 2006ஆம் ஆண்டின் கடைசித் திருத்தங்களோடு கூடிய வடிவம், அதனால் ஆடுகிறவர்களுக்குப் பலம் கொஞ்சம் கூட என்பது உண்மை. அதைக் கழித்துப் பார்த்தாலும் ஐந்து மாதத்துக்கும் ஆறு நாளுக்கும் இடையில் இருக்கிற பள்ளம் நிரம்பாது. ரக்னரோஸ் மாறவில்லை, குகை மாறவில்லை. அப்படியென்றால் முதல் தடவை இருந்த கஷ்டம் எங்கே இருந்தது? இன்றைய பேச்சு முழுக்க இந்த ஒரு கேள்விதான்.

ரெயிட் என்றால் என்னவென்று தாய்மார் ஒருவரையொருவர் கேட்பது எனக்கு இங்கிருந்தே விளங்குகிறது. வேறு வேறு வீட்டில், வேறு வேறு நாட்டில் இருக்கிற ஆக்கள், ஒரே நேரத்தில் ஒரே அணியாகச் சேர்ந்து ஒரு பெரிய எதிரியோடு மோதுவது. எதிரி மனிதனில்லை, கணினி ஆட்டுவிக்கிற பூதம் அல்லது டிராகன். அதைத்தான் பொஸ் என்கிறார்கள். அணிக்குள் மூன்று வேலை. அடியைத் தான் வாங்கிக்கொண்டு மற்றவர்களைக் காக்கிறவர் டாங்க். காயம் ஆற்றுகிறவர் ஹீலர். மிச்சப்பேர் அடிக்கிறவர்கள். இதற்கென்று நிரந்தரமாகச் சேர்ந்து இயங்குகிற கூட்டம் கில்ட். போனில் பப்ஜியும் ஃபிரீ ஃபயரும் ஆடுகிற தம்பிமாருக்கு இது வேறு உலகம். அங்கே மனிதனை மனிதன் சுடுவான், அரை மணித்தியாலத்தில் கதை முடியும். ரெயிட்டில் எல்லாரும் ஒரு பக்கம். ஒரே பொஸ்ஸோடு கிழமைக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டும்.

இந்தப் பழக்கத்தைப் பெரிதாகப் பரப்பியது 1999 மார்ச்சில் வந்த 'எவர்குவெஸ்ட்'. அந்த ஆண்டில் மயிலிட்டியில் சனமே இல்லை. 1990 யூனில் போரால் வெளிக்கிட்ட ஊர், துறைமுகத்துக்குத் திரும்பியது 2017 யூலையில். இடைப்பட்ட இருபத்தேழு ஆண்டுக்குள் ரெயிட் என்ற கலை பிறந்து, வளர்ந்து, கிழண்டு, தன் இளமையை நினைத்து ஏங்கவும் தொடங்கிவிட்டது. நாங்கள் கடைசிக் காட்சிக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறோம். அதனால்தான் முதல் காட்சியைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எவர்குவெஸ்டில் நாகஃபென், வொக்ஸ் என்று இரண்டு டிராகன்கள். ஒரு சேவரில், அதாவது ஆட்டம் ஓடுகிற ஒரு கணினியில், ஆயிரக்கணக்கில் ஆக்கள் ஆடினாலும் டிராகன் எல்லாருக்கும் பொது. ஒரு கில்ட் கொன்றுவிட்டால் அது திரும்ப உயிர்த்து வரும்வரை மற்றவர்கள் நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும். யார் முதலில் போய் நிற்கிறார்களோ அவர்களுக்குத்தான். நடுச்சாமத்தில் டிராகன் எழும்பினால் கில்ட்காரர் ஒருவருக்கொருவர் தொலைபேசி எடுத்து நித்திரையால் எழுப்புவார்கள். டிராகனைக் கொல்வதிலும் பார்க்க, அதைக் கொல்ல ஆள் திரட்டுவதுதான் பெரிய போர்.

அந்த விளையாட்டில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் தாண்ட மாட்டேன். கெராஃபிர்ம் என்று ஒரு டிராகன் உறக்கத்தில் இருந்தது. நாலு காவல் டிராகன்களும் செத்தால் அது விழிக்கும். விழித்தால் கண்ணில் படுகிற எல்லாரையும் கொன்றுகொண்டு போகும், அதன்பிறகு அந்தச் சேவரில் திரும்ப வரவே வராது. அதைக் கொல்ல முடியக்கூடாது என்று நினைத்துத்தான் உண்டாக்கினார்கள். 2003 நவம்பரில் றலோஸ் செக் என்ற சேவரில், ஒருவரையொருவர் கண்ணிலும் காட்டக்கூடாத மூன்று கில்ட்கள் ஒன்றாகச் சேர்ந்து, ஏறத்தாழ 200 பேர், அதன்மேல் பாய்ந்தார்கள். செத்தவர்களை எழுப்பி எழுப்பி மணிக்கணக்கில் அடித்தார்கள். அதன் உயிர் கால்வாசிக்கு இறங்கியபோது டிராகன் காணாமல் போய்விட்டது. விளையாட்டை நடத்திய சோனி நிறுவனமே அதை எடுத்துவிட்டது! ஆக்கள் கொதித்துப் போனார்கள். கம்பனி மன்னிப்புக் கேட்டு, இரண்டு நாள் கழித்துத் திரும்ப ஒரு வாய்ப்புக் கொடுத்தது. அன்றைக்குக் கொன்றேவிட்டார்கள்.

இப்போது வடிவமைப்பு என்று பார்த்தால் அந்தச் சண்டையில் ஒன்றுமே இல்லை. பொஸ்ஸுக்கு அளவில்லாத உயிர். மூளையால் செய்ய வேண்டிய வேலை எதுவும் கிடையாது. அடி, சா, எழும்பு, திரும்ப அடி. இன்றைக்கு ஒரு மாணவன் இப்படி ஒன்றைச் செய்து கொண்டுவந்தால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன். ஆனாலும் இருபது ஆண்டு தாண்டியும் அதைத்தான் கதைக்கிறோம். மூன்று எதிரிக் கூட்டங்கள் ஒரு மேசைக்கு வந்ததே, அதற்காகத்தான்.

இங்கே கரைவலையை நினைத்துக்கொள்ளுங்கள். மயிலிட்டி ஆழ்கடல் தொழிலுக்குப் பேர்போன ஊர் என்றாலும் கரைவலை தெரியாதவர் இங்கே இருக்க மாட்டார். வடமராட்சி கிழக்கிலும் முல்லைத்தீவிலும் இன்றைக்கும் இழுக்கிறார்கள். மண்டாடிக்குக் கடல் தெரிய வேண்டும். வலை வளைக்கிறவனுக்குக் கை தெரிய வேண்டும். கயிறு இழுக்கிற மிச்சப்பேருக்கு? வந்து நின்று, மற்றவர்களோடு சேர்ந்து கால் வைத்து இழுத்தால் காணும். கிழவரும் இழுப்பார், பள்ளிக்கூடம் விட்ட பெடியனும் இழுப்பான். இழுத்தவனுக்குப் பங்கு உண்டு. பெடியன் பத்து நாள் இழுத்து, பதினோராம் நாள் தோணியில் ஏறுவான்.

மோல்ட்டன் கோரும் இப்படித்தான். அதிலே கெடன் என்று ஒரு பொஸ். அவன் நாற்பது பேரில் ஒருவரைத் தெரிந்து வெடிகுண்டாக்கிவிடுவான். குண்டானவர் கூட்டத்தை விட்டு விலகி ஓட வேண்டும். அவ்வளவுதான் பாடம். மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் வேலை, நின்று அடிப்பது. அதில் பத்துப்பேர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாலும் சண்டை வெல்லும். ஆனால் அந்த நாற்பது பேரையும் ஒரே இரவில் ஒரே வாசலில் கொண்டுவந்து நிறுத்துவது? நெருப்பைத் தாங்கும் கவசம் தேடிக் கொடுப்பது? குகையின் ஏழு பொஸ்களுக்குப் பக்கத்தில் எரிகிற எழுத்துகளை அணைக்காமல் ரக்னரோஸ் வர மாட்டான். அணைக்கிற நீரைப் பெற வேறொரு கூட்டத்திடம் நல்லபேர் எடுத்திருக்க வேண்டும். அதை யார் செய்து வைத்திருக்கிறார் என்று கணக்கு வைத்திருப்பது? கஷ்டம் முழுக்க அங்கேதான் இருந்தது. 2019இல் அதெல்லாம் எல்லாருக்கும் மனப்பாடம். எழுதி வைத்த வழியில் நடந்தார்கள், ஆறு நாளில் முடிந்தது.

பழைய காலம் பொற்காலம் என்று நான் சொல்லப்போவதாக நினைக்காதீர்கள். பழையதில் கொடுமையும் இருந்தது. ஒரு பொஸ் விழுந்தால் நாற்பது பேருக்குக் கிடைக்கிற பொருளோ இரண்டு மூன்று. யாருக்குக் கொடுப்பது என்று சண்டை வராமல் இருக்க 'டிராகன் கில் பொயின்ற்ஸ்' என்று ஒரு புள்ளிக் கணக்கை எவர்குவெஸ்ட் காலத்திலேயே ஆட்டக்காரர் தாங்களாக உண்டாக்கினார்கள். வந்து நின்ற ஒவ்வொரு இரவுக்கும் புள்ளி, பொருள் எடுத்தால் புள்ளி குறையும். வலை முதலாளியான சம்மாட்டியின் கணக்குக் கொப்பி மாதிரி நேர்மையாகவும் நடந்தது, கள்ளமாகவும் நடந்தது. வோர்கிராஃப்டில் 2006 யூனில் வந்த நக்ஸ்ராமஸ் என்ற கோட்டையில் நாலு குதிரை வீரர்கள் ஒன்றாக வருவார்கள். அவர்களுக்கு எட்டு டாங்க் வரை தேவைப்பட்டது. ஒரு கில்டில் நாலு நல்ல டாங்க் இருந்தாலே பெரிது. அடுத்த கில்டின் ஆளை ஆசைகாட்டி இழுக்கிற வேலை தொடங்கியது, கில்ட்கள் உடைந்தன. இவ்வளவு செலவழித்துக் கட்டிய கோட்டைக்குள் போய்ப் பார்த்தவர்கள் மிகச் சிலர். 2008இல் அதையே இலகுவாக்கித் திரும்பத் தர வேண்டி வந்தது.

உடம்பைக் கெடுத்த கதையும் உண்டு. 'ஃபைனல் ஃபான்டசி லெவன்' என்ற விளையாட்டில் 2008இல் ஒரு கூட்டம் ஒரே பொஸ்ஸோடு பதினெட்டு மணித்தியாலத்துக்கு மேல் மோதியது. சிலர் வாந்தி எடுத்தார்கள், பொஸ் சாகவில்லை, எழும்பிப் போனார்கள். பிறகுதான் கம்பனி நேர எல்லை வைத்தது. இதற்குப் பெயர் சவால் இல்லை, அசட்டை. தாய்மார் முறைக்கிறது சரிதான்.

பழையதன் சுவர்களும் ஓட்டை. 2005 செப்டெம்பரில் வோர்கிராஃப்டில் இருபது பேர் போகும் ஒரு ரெயிட்டில், பொஸ் பரப்பிய நோய் ஆட்டக்காரரின் வளர்ப்பு விலங்குகளில் தொற்றி வெளியே வந்து நகரங்களையே எலும்புக்கூடாக்கியது. அதை வைத்துத் தொற்றுநோய் ஆய்வாளர்கள் 2007இல் 'லான்செற்' குடும்பத்து மருத்துவ இதழ் ஒன்றில் கட்டுரையே எழுதினார்கள். இப்போது இப்படி நடக்காது. எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள்.

திருத்தம் படிப்படியாக வந்தது. 2007இல் நாற்பது இருபத்தைந்தாகச் சுருங்கியது, பத்துப்பேருக்கென்றும் ஒன்று வந்தது. என்னைக் கேட்டால் 2009 ஏப்ரலில் வந்த உல்டுவார்தான் இந்தக் கலையின் உச்சம். அதில் மிமிரோன் என்று ஒரு பொறியியலாளன். அவனுடைய அறையில் பெரிய சிவப்புப் பொத்தான் ஒன்று. அமத்தாதே என்று இருக்கும். அமத்தினால் அறை தீப்பற்றும், சண்டை இன்னும் கடுமையாகும், பரிசும் கூடும். இலகுவானதா கடினமானதா என்பதை ஆட்டத்துக்குள்ளேயே, கதைக்குள்ளேயே, கை நீட்டித் தீர்மானிக்கலாம். அந்தப் பொத்தானை அமத்துவோமா விடுவோமா என்று இருபத்தைந்து பேர் சண்டை பிடிக்கிற அந்த இரண்டு நிமிடம் இருக்கிறதே, அதற்கு ஈடு பிறகு வரவில்லை. அதே ஆண்டு ஓகஸ்டில் வந்த அடுத்த ரெயிட்டில் பொத்தான் போய்ப் பட்டியல் வந்தது. சாப்பாட்டுக் கடையில் தெரிகிற மாதிரி, சாதாரணம், கடினம் என்று வாசலிலேயே தெரிந்துகொண்டு போகலாம். வசதிதான். ஆனால் சப்பென்று போனது.

2011 நவம்பர் கடைசியில் 'ரெயிட் ஃபைன்டர்' வந்தது. கில்ட் வேண்டாம், ஆள் திரட்ட வேண்டாம். ஒரு பொத்தானை அமத்தினால் முன்பின் தெரியாத இருபத்துநாலு பேரோடு கணினியே சேர்த்துவிடும். பிறகு இன்னொரு சலுகை. ஒவ்வொரு தோல்விக்கும் அணியின் பலம் ஐந்து வீதம் கூடும். தோற்கத் தோற்க வெல்லலாம். வேலைக்குப் போய்வந்து ஒரு மணித்தியாலம் மட்டும் கிடைக்கிற தகப்பனுக்கு இது பெரிய உபகாரம். அவர் கட்டின காசுக்குக் கதையின் முடிவைப் பார்க்க அவருக்கு உரிமை உண்டு, அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் ரெயிட் முடிந்தால் ஒரு ஆள் பேரும் நினைவிருக்காது. இருபத்தைந்து பேர் போனார்கள், யாரும் யாரோடும் ஒரு சொல் கதைக்கவில்லை.

மற்றப் பக்கத்தில் கடினமானது இன்னும் கடினமாகிக்கொண்டே போனது. 2014இலிருந்து 'மிதிக்' என்ற உச்சப்படி, சரியாக இருபது பேர். 2017இல் கில்ஜேடன் என்ற பொஸ்ஸை உலகத்தின் மிகச் சிறந்த அணி அறுநூறு தடவைக்கு மேல் மோதித்தான் வீழ்த்தியது. யப்பானிலிருந்து வருகிற 'ஃபைனல் ஃபான்டசி ஃபோர்ட்டீன்' விளையாட்டில் எட்டுப்பேர். அதன் கடின ரெயிட்களில் பல இடங்களில் எட்டுப்பேரும் உயிரோடு, அவரவர் இடத்தில், அந்தந்தச் செக்கனில் நிற்க வேண்டும். ஒருவர் அரை அடி தவறினால் எட்டுப்பேரும் காலி. நடனம் என்றே சொல்லலாம், அவ்வளவு அழகு. பொஸ் சண்டை என்ற கைவினையில் இன்றைய வடிவமைப்பாளர்கள் அன்றையவர்களைவிடப் பல மடங்கு கெட்டிக்காரர். இதில் சந்தேகமே வேண்டாம்.

கஷ்டம் இடம் மாறிவிட்டது, அதுதான் நடந்தது. முன்பு அது கூட்டத்தின் தலையில் இருந்தது. ஆள் சேர்ப்பது, சமாதானம் பண்ணுவது, காத்திருப்பது. இப்போது அது ஒவ்வொருவருடைய பத்து விரலிலும் இருக்கிறது. நாற்பதில் ஒருவராக நின்று பழகிய அந்தப் பெடியனுக்கு எட்டில் இடமில்லை. கரைவலைக்கு உழவு இயந்திரத்தில் வின்ச் பூட்டி இழுக்கத் தொடங்கிய பிறகு என்ன நடந்ததோ அதுதான். வலை விரைவாக வருகிறது, மீனும் வருகிறது, கயிறு பிடித்த ஆக்கள் கரையில் நிற்கிறார்கள். அங்கே அதை எதிர்த்துத் தொழிலாளர் குரல் எழுப்பினார்கள். விளையாட்டிலே யார் எழுப்புவது?

ஒளிய இடமும் போய்விட்டது. இப்போது ஒவ்வொரு ரெயிட்டின் ஒவ்வொரு அடியும் பதிவாகிறது. யார் எவ்வளவு அடித்தார், எங்கே செத்தார் என்பதை 'வோர்கிராஃப்ட் லொக்ஸ்' போன்ற இணையத்தளங்களில் யாரும் பார்க்கலாம். புதிதாக ஒரு அணியில் சேரப் போனால் முதலில் உங்கள் பதிவைத்தான் பார்ப்பார்கள், உங்களோடு கதைப்பது பிறகுதான். இன்னொன்று, ஆட்டக்காரரே எழுதிய துணை நிரல்கள். 'டெட்லி பொஸ் மொட்ஸ்', 'பிக்விக்ஸ்' இரண்டும் பேர்போனவை. எப்போது ஓடு, எங்கே நில் என்று காதுக்குள் சொல்லி வந்தன. நிரல்கள் கெட்டித்தனமாக வர, அவற்றுக்கும் சேர்த்துப் பொஸ்ஸைக் கடுமையாக்கினார்கள். பொஸ் கடுமையாக, நிரல் இல்லாமல் ஏலாது என்றானது. பதினைந்து ஆண்டுக்கு மேல் ஓடிய இந்தப் போட்டியை நிறுத்த, 2025இல் பிளிசார்ட் நிறுவனமே அந்த நிரல்களின் கையைக் கட்டப்போவதாக அறிவித்தது. நல்ல முடிவு, பத்து ஆண்டு பிந்திய முடிவு.

புதியவற்றில் எனக்கு மனம் ஒப்பிய ஒன்றையும் சொல்ல வேண்டும். 2014 செப்டெம்பரில் 'டெஸ்டினி' விளையாட்டில் 'வோல்ட் ஒஃப் கிளாஸ்' என்ற ரெயிட் வந்தது. ஆறே ஆறு பேர். தானாக ஆள் சேர்க்கும் வசதியை வேண்டுமென்றே வைக்கவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று ஒரு இடத்திலும் எழுதவில்லை. முதலில் முடித்த அணிக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் சென்றது. கடைசிப் பொஸ்ஸான ஏதியோன் மூன்று பேரைப் பிடித்து வேறொரு காலத்துக்குள் எறிந்துவிடுவான். அவர்கள் காண்பதை வெளியே நிற்கிற மூன்று பேர் காண முடியாது. வாய்விட்டுக் கதைத்தால்தான் திரும்பி வரலாம். ஆள்தொகையைக் குறைத்துவிட்டுப் பேச்சைக் கூட்டினார்கள். நாற்பது பேரில் கிடைத்ததை ஆறு பேருக்குள் கொண்டுவர முடியும் என்று காட்டிய வேலை அது. ஏன் அதைப் பார்த்து இன்னும் பத்துப்பேர் செய்யவில்லை என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இது எங்களுக்கு ஏன் முக்கியம்? இங்கே சேவர் இல்லை. யப்பானுக்கோ ஐரோப்பாவுக்கோ சைகை போய்த் திரும்ப நேரமெடுக்கும். செக்கனைக் கணக்குப் பார்க்கிற புது ரெயிட்டில் அந்தத் தாமதமே ஒருவனை மோசமான ஆட்டக்காரனாக்கும். 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் போன நாட்களை மறந்திருக்க மாட்டீர்கள். நாற்பது பேரில் ஒருவர் கரண்ட் போய் மறைந்தால் மற்றவர் சமாளிப்பார்கள். எட்டுப்பேரில் ஒருவர் மறைந்தால் அந்த இரவே முடிந்தது. நல்ல இணைப்பும் தடையில்லாத மின்சாரமும் எல்லாருக்கும் உண்டு என்று நினைத்துத்தான் புதியதைக் கட்டுகிறார்கள். பழையதைக் கட்டினவர்கள் அப்படி நினைக்கவில்லை, அந்தக் காலத்தில் அமெரிக்காவிலேயே தொலைபேசிக் கம்பியில்தான் பலர் ஆடினார்கள்.

என்னுடைய தீர்ப்பு இதுதான். சண்டை என்ற அளவில் புதியது வென்றுவிட்டது, திரும்பிப் பார்க்க ஒன்றுமில்லை. சேர்ந்திருத்தல் என்ற அளவில் பழையது வென்றது, அதுவும் பாதி தற்செயலாக. இரண்டையும் ஒன்றாகச் செய்தவர்கள் உல்டுவாரையும் வோல்ட் ஒஃப் கிளாஸையும் உண்டாக்கியவர்கள். நிரல் எழுதப் படிக்கிற பிள்ளைகள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். அந்த இரண்டையும் எடுத்துப் பிரித்துப் பாருங்கள். நீங்கள் ஒன்று செய்யும்போது, இன்றைக்குத்தான் முதல்முறை வந்த, கை நடுங்குகிற ஆளுக்கு அதில் என்ன வேலை வைத்திருக்கிறீர்கள் என்று என்னிடம் வந்து சொல்லுங்கள். அதற்குப் பதில் இருந்தால் மிச்சத்தை நான் பார்த்துத் தருகிறேன்.

தாய்மாரிடமும் ஒரு வேண்டுகோள். பிள்ளை ரெயிட்டில் இருக்கும்போது வயரைப் பிடுங்காதீர்கள். அங்கே ஏழுபேர் அவனை நம்பி நிற்கிறார்கள். தம்பிமாரே, தங்கச்சிமாரே, நீங்களும் இருக்க முதலே எத்தனை மணிக்கு முடியும் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். சொன்ன நேரத்துக்கு எழும்புங்கள்.